நூறு மீட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2025 செப்டம்பர் 14 அன்று டோக்கியோவில் உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. ஜமைக்காவின் ஒப்லிக் செவில் 9.77 வினாடியில் தங்கம் வென்றார். அதே நாட்டின் கிஷேன் தாம்சன் 9.82, அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 9.89. அந்த ஓட்டத்தைப் பற்றியும், அதையொட்டிப் பழைய ஓட்டங்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

டோக்கியோ இறுதியில் போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ முந்திப் புறப்பட்டார் என்று உடனே வெளியேற்றிவிட்டார்கள். ஒருமுறை எச்சரித்து விட்டிருக்கக் கூடாதா?
– வாசகர், திருநெல்வேலி

முன்பு எச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2002 வரை ஒவ்வொரு வீரருக்கும் ஒரு தவறு மன்னிக்கப்பட்டது. எட்டுப் பேரும் ஆளுக்கொரு முறை முந்தினால் ஓட்டம் தொடங்கவே கால் மணி நேரம் ஆகும். 2003இல் விதியை இறுக்கினார்கள். முதல் தவறை யார் செய்தாலும் எச்சரிக்கை எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான். அடுத்து யார் முந்தினாலும், அது அவருடைய முதல் தவறாகவே இருந்தாலும், வெளியே போக வேண்டும். அந்த ஆண்டு பாரிஸ் உலகச் சாம்பியன்ஷிப் காலிறுதிச் சுற்றில் இப்படி வெளியேற்றப்பட்ட அமெரிக்காவின் ஜான் டிரம்மண்ட், போக மறுத்து ஓடுதளத்திலேயே படுத்துக்கொண்டார்.

அந்த விதியிலும் ஓட்டை இருந்தது. தொடக்கத்தில் மெதுவான ஒருவர் வேண்டுமென்றே முதல் தவறைச் செய்துவிட்டால், துப்பாக்கிச் சத்தத்துக்குச் சட்டென்று பாய்பவர்கள் எல்லோரும் அடுத்த முறை பயந்து தயங்குவார்கள். அதனால் 2010 ஜனவரி 1 முதல் ஒரே தவறுக்கு வெளியேற்றம். அடுத்த ஆண்டே, 2011இல் தென்கொரியாவின் டேகுவில், உசைன் போல்ட் இறுதி ஓட்டத்தில் முந்திப் புறப்பட்டு வெளியேறினார். அவருடைய பயிற்சித் தோழர் யோகான் பிளேக் எதிர்காற்றில் 9.92 ஓடி வென்றார். போல்ட்டுக்கு விலக்குத் தராத விதி டெபோகோவுக்கும் தரவில்லை. அது நியாயம் என்றே நினைக்கிறோம்.

யார் முந்தினார் என்பதை இப்போது கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்வதில்லை. புறப்படும்போது வீரர் காலை ஊன்றித் தள்ளும் ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உள்ள உணர்கருவி, கால் தகட்டை அழுத்தும் விசையைத் தொடர்ந்து அளக்கிறது. வெடி ஒலித்து 0.100 வினாடி ஆவதற்குள் அந்த விசை குறிப்பிட்ட அளவு ஏறினால், துப்பாக்கி சுடும் தொடக்குநரின் காதில் உள்ள ஹெட்ஃபோனில் ஒலி கேட்கும். அவர் மறுபடி சுட்டு எல்லோரையும் திரும்ப அழைப்பார். சத்தம் காதில் விழுந்து, மூளைக்குப் போய், தசை இயங்கக் குறைந்தது இவ்வளவு நேரமாவது ஆகும் என்பதே இந்த எல்லையின் அடிப்படை. ஆகவே சத்தத்துக்குப் பிறகு நகர்ந்தவர்கூட மாட்டிக்கொள்ளலாம். 2022இல் ஒரிகனில் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலன் 0.099 வினாடியில் நகர்ந்ததாகக் கருவி காட்டியது. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி அவரை வெளியே அனுப்பியது. எங்களுக்கு உறுத்துவது இந்த இடம்தான். கருவி அளப்பது விசை ஒரு எல்லையைத் தாண்டிய நொடியை மட்டுமே. அதை ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறுக்கிப் பிடிப்பது கொஞ்சம் அதிகம்.

பெரிய வீரர்கள் ஏன் இந்தத் தவறைச் செய்கிறார்கள்? பெரும்பாலும் சத்தத்தைக் கேட்டு ஓடாமல், சத்தம் எப்போது வரும் என்று ஊகித்து ஓடுவதால். தயாராகச் சொல்லும் ‘செட்’ கட்டளைக்குப் பிறகு தொடக்குநர் எத்தனை வினாடி காத்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. எட்டுப் பேரும் அசையாமல் நின்ற பிறகுதான் சுடுவார். யாராவது ஆடிக்கொண்டிருந்தால் எல்லோரையும் எழச் சொல்லிவிடுவார். அது யார் குற்றமும் இல்லையென்றால் பச்சை அட்டை. ஒருவர் தொந்தரவு செய்தார் என்றால் அவருக்கு மஞ்சள் அட்டை.

போல்ட் கடைசி 30 மீட்டரில் வேகத்தைக் கூட்டி எல்லோரையும் தாண்டுவாரே, அந்த வலிமை எப்படி வந்தது?
– கல்லூரி மாணவர், மதுரை

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் கடைசி 20 மீட்டரில் போல்ட்டும் வேகம் குறைந்துதான் ஓடினார். உலகச் சாதனையான 9.58 பிறந்த 2009 பெர்லின் இறுதியை 20 மீட்டர் துண்டுகளாக அளந்து வைத்திருக்கிறார்கள். போல்ட்டுக்கு முதல் 20 மீட்டர் 2.89 வினாடி. இதில் சத்தத்துக்கு அசைய எடுத்த 0.146 வினாடியும் அடக்கம். அடுத்தடுத்த துண்டுகள் 1.75, 1.67, 1.61, 1.66. அதாவது 60 முதல் 80 மீட்டர் வரைதான் உச்சம். அங்கே சராசரி வேகம் வினாடிக்கு 12.4 மீட்டர், மணிக்கு 44.7 கிலோமீட்டர். அதன் பிறகு இறக்கம்.

மூன்றாவதாக வந்த அசாஃபா பவலின் துண்டுகளைப் பக்கத்தில் வைத்தால் விஷயம் விளங்கும்: 2.91, 1.80, 1.71, 1.68, 1.74. மொத்தம் 9.84. முதல் 20 மீட்டரில் இருவருக்கும் இடைவெளி 0.02 வினாடிதான். 60 மீட்டரில் 0.11. முடிவில் 0.26. பவல் கடைசித் துண்டில் 0.06 வினாடி இழந்தார், போல்ட் 0.05. இரண்டு பேரும் தளர்கிறார்கள். போல்ட் எட்டிய உச்சம் உயரமானது, அதனால் தளர்ந்த பிறகும் அவர் வேகம் மற்றவருடையதைவிட மேலே நிற்கிறது. நம் கண் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டே பார்ப்பதால், குறைவாக இழப்பவர் கூட்டுவதுபோலத் தெரிகிறார்.

ஏன் தளர வேண்டும்? உச்ச வேகத்தில் ஒவ்வொரு பாதமும் தரையில் இருக்கும் நேரம் பத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவு. அதற்குள் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தரைக்குத் தர வேண்டும். தசைக்கு உடனடி ஆற்றல் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் சில வினாடிகளில் பெருமளவு தீர்ந்துவிடும். நரம்புகளும் அதே வேகத்தில் கட்டளை அனுப்ப முடியாமல் தளரும். அப்போது வீரர் முகத்தையும் தோளையும் இறுக்கிக்கொண்டு ‘இன்னும் கொஞ்சம்’ என்று முயன்றால் காலடி நீண்டு, பாதம் இடுப்புக்கு முன்னால் விழும். அது பிரேக்காகிவிடும். கழுத்தையும் கைகளையும் தளர்வாக வைத்துக்கொள்ளச் சொல்லிப் பயிற்சியாளர்கள் கத்துவது இதற்காகத்தான்.

போல்ட்டின் நீளமான காலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெர்லினில் அவர் ஏறக்குறைய 41 அடிகளில் 100 மீட்டரைக் கடந்தார். இந்தத் தரத்தில் ஓடும் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 44, 45 அடி தேவைப்படும். உயரமானவர்கள் பலர் உண்டு. ஆனால் அந்த நீளமான அடியை மற்றவர்களுக்கு இணையான விறுவிறுப்போடு வைக்க அவரால் முடிந்தது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் நோவா லைல்ஸ், கிஷேன் தாம்சன் இருவருக்கும் 9.79 என்றுதானே திரையில் வந்தது? தங்கத்தை ஏன் பகிர்ந்து கொடுக்கவில்லை?
– வாசகி, புதுச்சேரி

அறிவிக்கப்படும் நேரம் நூறில் ஒரு பங்கு வினாடி வரைதான். நடுவர்கள் படிப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு வரை. லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789. ஆயிரத்தின் இடத்தில் சுழி இல்லாவிட்டால் அடுத்த நூறாவது பங்குக்கு மேலே ஏற்றுவதே விதி. 9.781 என்றாலும் 9.79தான். இரண்டும் அப்படி 9.79 ஆயின, தங்கம் 9.784க்குப் போனது. அந்த 0.005 வினாடியை அவர்கள் ஓடிய வேகத்தில் தூரமாக்கினால் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்.

இந்தப் படம் எடுக்கும் கேமரா சாதாரணக் கேமரா போல மைதானத்தைப் பார்ப்பதில்லை. முடிவுக் கோட்டின் நேர் மேலே, ஒரு கதவிடுக்கு அளவுக்கு மட்டும் பார்க்கும். அந்த ஒற்றைக் கீற்றைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்யும். பாரிஸில் வினாடிக்கு 40,000 முறை வரை. கீற்றுகளை வரிசையாக ஒட்டினால் கிடைப்பதுதான் ஃபோட்டோ ஃபினிஷ் படம். ஆகவே அந்தப் படத்தில் இடமிருந்து வலம் போவது நேரம், தூரம் அல்ல. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் முடிவுக் கோட்டின் மேல்தான் இருக்கிறது. கோட்டின் மேல் பாதத்தை ஊன்றியவருடைய ஷூ படத்தில் இழுத்து நீட்டியதுபோல் தெரிவதும் இதனால்தான். கால் அங்கே நின்ற நேரம் முழுவதும் பதிவாகிவிடுகிறது.

நடுவர் ஒரு மெல்லிய கோட்டை நகர்த்தி, வீரரின் உடற்பகுதி தொடங்கும் விளிம்பில் நிறுத்தி நேரத்தைப் படிப்பார். தலை, கழுத்து, கை, கால், பாதம் எதுவும் கணக்கில் வராது. பாரிஸில் தாம்சனின் பாதம் முன்னால் வந்துவிட்டது, லைல்ஸின் மார்பு முன்னால் வந்தது. மார்பை முன்னே சாய்ப்பது கடைசி ஓர் அடியில் நடக்க வேண்டும். மூன்று நான்கு அடி முன்பே குனிந்தால் தொடை உயராமல் வேகம் செத்துவிடும்.

அதே ஓட்டத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். சத்தத்துக்கு லைல்ஸ் அசைய எடுத்தது 0.178 வினாடி. வெண்கலம் பெற்ற ஃப்ரெட் கெர்லி 0.108லேயே கிளம்பினார். 30 மீட்டரில் லைல்ஸ்தான் எட்டுப் பேரிலும் கடைசி. கிளம்புவதில் கிடைக்கும் நூறில் சில பங்குகள் நல்ல மூலதனம்தான். உச்ச வேகம் கூடுதலாக இருப்பவர் அதைப் பிற்பாதியில் திருப்பி வாங்கிவிடுவார்.

மாவட்டப் போட்டியில் எங்கள் பையன் ஸ்டாப்வாட்சில் 10.9 ஓடினான். எலெக்ட்ரானிக் கருவியில் 11.3 என்கிறார்கள். எது உண்மை?
– உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு

இரண்டும் உண்மையாக இருக்கலாம். கருவியின் கடிகாரம் துப்பாக்கியோடு இணைந்தது, வெடித்த கணமே ஓடத் தொடங்கும். நாம் பார்த்து, பிறகு விரலை அழுத்துகிறோம். முடிவில் வீரர் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அழுத்தத் தாமதமாவதில்லை. ஆகத் தொடக்கத்தில் தொலைந்த நேரம் அப்படியே வீரருக்கு லாபமாகிறது. 100 மீட்டருக்குக் கைக்கடிகார நேரத்தோடு 0.24 வினாடி சேர்த்து ஒப்பிடுவது உலக வழக்கம். 10.9 ஏறக்குறைய 11.14 ஆகும். உங்கள் பையனுக்கு அதைவிட அதிக வித்தியாசம் வந்திருப்பதைப் பார்த்தால், புகையைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டு அழுத்தியிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஒலி 100 மீட்டரைக் கடக்கவே கிட்டத்தட்ட 0.3 வினாடி எடுக்கும். முடிவுக் கோட்டில் நிற்பவர் துப்பாக்கியின் புகையையோ வெளிச்சத்தையோ பார்த்துத்தான் அழுத்த வேண்டும். கட்டை விரலைவிட ஆள்காட்டி விரல் நல்லது.

மூன்று பேர் நேரம் எடுங்கள். இரண்டு கடிகாரம் ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறானால் நடுவில் உள்ளது. இரண்டே கடிகாரம் இருந்து அவை வேறுபட்டால் கூடுதல் நேரத்தை எடுக்க வேண்டும். நூறாவது பங்கை அப்படியே எழுதாமல் மேலே ஏற்றுங்கள். 10.91 என்றால் 11.0 என்று பதிய வேண்டும், 10.9 அல்ல. பல பள்ளிப் போட்டிகளில் தவறு நடப்பது இங்கேதான்.

நட்சத்திர வீரர்களுக்கு எப்போதும் நடு லேன் கிடைப்பது சலுகையா?
– வாசகர், கும்பகோணம்

முந்தைய சுற்றில் நன்றாக ஓடியதற்கான பலன். தரவரிசையில் முதல் நான்கு பேர் 3, 4, 5, 6 லேன்களுக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். அடுத்த இருவர் 2, 7. கடைசி இருவர் 1, 8. நேர்கோட்டு ஓட்டத்தில் எல்லா லேனும் ஒரே தூரம், ஒரே 1.22 மீட்டர் அகலம். நடுவில் ஓடுபவருக்குப் போட்டியாளர்கள் இரு பக்கமும் தெரிவார்கள் என்பதுதான் வித்தியாசம். பாரிஸில் லைல்ஸ் 7ஆவது லேனிலிருந்து வென்றார்.

பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் சாதனை இல்லை என்கிறார்கள். 2.04 என்றால் பரவாயில்லையா?
– வாசகர், சேலம்

2.04ஐ 2.1 என்று ஏற்றிவிடுவார்கள். சாதனை போய்விடும். காற்றின் அளவையும் நேரத்தைப் போலவே வீரருக்குப் பாதகமான பக்கமாகத்தான் முழுமைப்படுத்துவார்கள். காற்றுமானி முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி, முதல் லேனை ஒட்டி 2 மீட்டருக்குள், 1.22 மீட்டர் உயரத்தில் நிற்கும். துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 வினாடிக்கு வீசும் காற்றின் சராசரியை எடுக்கும். 200 மீட்டரில், முதல் வீரர் நேர்பாதைக்குள் நுழைந்ததிலிருந்து 10 வினாடி.

காற்று கூடினால் சாதனைதான் இல்லை, வெற்றி செல்லும். 2008 அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் டைசன் கே 9.68 ஓடினார். காற்று 4.1. சாதனைப் பட்டியலில் அந்த நேரம் ஏறவில்லை, முதலிடம் அவருக்கே. காற்றே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் 2 மீட்டர் பின்காற்று சுமார் 0.1 வினாடி உதவும். எதிர்காற்று அதே அளவு வீசினால் இழப்பு அதைவிடச் சற்று அதிகம். பெர்லினில் போல்ட்டுக்குக் கிடைத்தது 0.9 மட்டுமே.

இலங்கையின் யுபுன் அபேகோன் 9.96 ஓடியது மலைப்பகுதியில் என்பதால் அதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சரியா?
– வாசகர், யாழ்ப்பாணம்

சரியில்லை. 2022 ஜூலை 3 அன்று சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோனில் அவர் ஓடினார். தெற்காசியாவில் 10 வினாடிக்குள் ஓடிய முதல் மனிதர் அவர்தான். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறையும். 100 மீட்டருக்கு அது தரும் உதவி நூறில் மூன்று, நான்கு பங்கு வினாடி. அதைக் கழித்தாலும் 10 வினாடியின் வாசலிலேயே நிற்கிறார். காற்றுக்கு வரம்பு உண்டு, உயரத்துக்கு வரம்பு கிடையாது. 1968இல் மெக்சிகோ நகரில், 2,200 மீட்டருக்கு மேலான உயரத்தில், ஜிம் ஹைன்ஸ் ஓடிய 9.95 உலகச் சாதனையாக ஏற்கப்பட்டது. அபேகோன் அடுத்த மாதமே பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 10.14 ஓடி வெண்கலம் வாங்கினார். இந்தியத் தரப்பில் அனிமேஷ் குஜூர் 2025 ஜூலையில் தேசியச் சாதனையை 10.18க்குக் கொண்டுவந்தார்.

உலகச் சாம்பியன்ஷிப் 100 மீட்டரை அதிக முறை வென்றவர் யார்?
– வாசகி, கோவை

ஆண்களில் மூவர் சமம். கார்ல் லூயிஸ் (1983, 1987, 1991), மோரிஸ் கிரீன் (1997, 1999, 2001), உசைன் போல்ட் (2009, 2013, 2015). லூயிஸின் 1987 தங்கம் பின்னர் வந்தது. ரோமில் முதலில் வந்த பென் ஜான்சனின் 9.83, ஊக்கமருந்து எடுத்ததை அவரே பின்னர் ஒப்புக்கொண்டதால் அழிக்கப்பட்டது. 2015 பெய்ஜிங்கில் போல்ட் 9.79, ஜஸ்டின் கேட்லின் 9.80. போல்ட்டுக்குப் பிறகு இந்தப் பட்டத்தை ஜமைக்காவுக்கு மீட்டவர் செவில். இருவருக்கும் பயிற்சியாளர் ஒருவரே, கிளென் மில்ஸ்.

பிளாக்கை எப்படி அமைப்பது? எங்கள் மாணவர்கள் எழுந்ததும் தடுமாறுகிறார்கள்.
– பயிற்சியாளர், தஞ்சாவூர்

முதலில் எந்தக் கால் முன்னே என்று பாருங்கள். நீளம் தாண்டும்போது எந்தக் காலால் எம்புகிறார்களோ, பெரும்பாலும் அதுவே முன் தகட்டுக்கு ஏற்றது. தொடக்கக் கோட்டிலிருந்து முன் தகட்டுக்கு மாணவரின் சொந்த ஷூ அளவில் இரண்டு நீளம். அங்கிருந்து பின் தகட்டுக்கு இன்னும் ஒன்று முதல் ஒன்றரை நீளம். ஷூ 26 சென்டிமீட்டர் என்றால் முன் தகடு 52இல், பின் தகடு 78 முதல் 91க்குள். முன் தகடு சுமார் 45 பாகை சாய்வு, பின் தகடு சற்று நிமிர்ந்திருக்கட்டும். இது தொடங்கும் அளவுதான். கால் நீளத்தைப் பார்த்து இரண்டு மூன்று சென்டிமீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள்.

கைகள் கோட்டுக்குப் பின்னால், கோட்டைத் தொடாமல், தோளைவிடக் கொஞ்சம் அகலமாக. ‘செட்’ என்றதும் இடுப்பு தோளைவிடச் சற்று மேலே வர வேண்டும். முன் முழங்கால் ஏறத்தாழ 90 பாகை, பின் முழங்கால் 120 முதல் 130. தோள் விரல்களுக்குச் சற்று முன்னால். இரண்டு பாதமும் தகட்டை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பின் குதிகால் தகட்டிலிருந்து விலகியிருந்தால், வெடித்ததும் கால் முதலில் பின்னோக்கிப் போய்த் தகட்டைத் தேடும். நிறைய மாணவர்கள் நேரத்தை இழப்பது இங்கேதான். பக்கவாட்டில் நின்று கைபேசியில் எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

தடுமாறுவதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று. பிளாக் கோட்டுக்கு மிக அருகே இருந்தால் இடுப்பு உயர்ந்து, உடல் முன்னே கவிழும். கால்கள் உடலைப் பிடிக்க ஓடுமே தவிரத் தள்ளாது. பிளாக் தொலைவில் இருந்தால் எடை முழுக்கக் கையில் விழுந்து முதல் அடி வலுவிழக்கும். மூன்றாவது, முதல் அடியை எட்டி வைக்கும் ஆசை. பாதம் இடுப்புக்கு முன்னால் விழுந்தால் உடல் நிமிர்ந்துவிடும். முதல் அடி இடுப்புக்குக் கீழேயோ சற்றுப் பின்னாலோ விழட்டும், முன்கால் முழுதாக நீண்டு தள்ளி முடித்த பிறகே தகட்டை விடட்டும். பார்வை தரையில். 20, 30 மீட்டர் போகப் போகத் தலை தானாக உயர வேண்டும்.

மண் தரையில் பிளாக் நழுவினால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. நீளமான ஆணிகளை முன்னும் பின்னும் சாய்வாக அடியுங்கள். பயிற்சியில் ஒருவர் பின் முனையில் காலை வைத்து மிதித்துக்கொள்ளலாம். செயற்கைத் தளத்தில் ஸ்பைக்ஸ் ஊசி 9 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சில மைதானங்கள் அதைவிடக் குறைவாகவே அனுமதிக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு 10 முதல் 20 மீட்டர் வரை ஆறு முதல் எட்டு ஸ்டார்ட் போதும். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. களைத்த காலோடு செய்யும் பத்தாவது ஸ்டார்ட் தவறான பழக்கத்தையே பதிய வைக்கும். ‘செட்’டுக்கும், துப்பாக்கிக்குப் பதிலாக நீங்கள் தட்டும் கைதட்டலுக்கும் இடையே உள்ள நேரத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், சில முறை தட்டாமலே எழச் சொல்லுங்கள். ஊகித்து ஓடும் பழக்கம் அப்போது வராது. மாணவருக்குப் பொருந்திய அளவுகளை ஒரு துணி நாடாவில் பேனாவால் குறித்துப் பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். போட்டியில் பிளாக்கை அமைக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.